களைத்த தேரை

பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற பஸ்ஸில் ஒரு சாக்குத் தேரைகளை அவிழ்த்துவிட்டவன் எத்திராஜ்தான். யாரும் அவனைத் தள்ளிவிடவில்லை, முடிச்சு தானாகவும் அவிழவில்லை. நாராயணவனம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது என்னவோ உண்மை. ஆனால் அதற்கு முன்பே அவன் விரல் முடிச்சில் இருந்தது.

ஆந்திர ராஜ்யம் பிறந்து இரண்டாவது கோடை. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸோடு போய்விடுமா என்று முன் சீட்டில் இரண்டு பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் திருமலைக்கு முடி கொடுக்கப் போகிற ஒரு குடும்பம், மஞ்சள் துணியும் தூக்குச்சட்டியுமாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எத்திராஜின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்குல இன்னாபா, நெளிஞ்சிக்கினு கீது?"

"எல்லைக் கமிஷன் மெம்பருங்க" என்றான் எத்திராஜ். "எந்த ஊரு எந்தப் பக்கம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஏழுமலையானைப் பாத்துட்டு வரணும்னாங்க. கூட்டிக்கினு போறேன்."

பெரியவர் சிரித்தார். முன் சீட்டுச் சண்டை நின்றது. "எங்கே, மெம்பருங்களக் கொஞ்சம் காட்டு" என்று ஒருவர் எழுந்தே நின்றார். நாலு பேர் சிரித்துவிட்டால் எத்திராஜுக்குக் கை சும்மா இருக்காது. குனிந்து முடிச்சை லேசாக, ஒரு விரல் போகிற அளவுக்கு, தளர்த்தினான். பள்ளம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

தேரைகள் பெரியவரின் மடியில் ஒன்று, தூக்குச்சட்டியில் ஒன்று, மற்றபடி அவரவர் விருப்பப்படி இறங்கின. மொட்டையடிக்கப் போன குடும்பத்தில் யாரோ கோவிந்தா என்று கத்த, பஸ் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் ரங்கையா விசிலை ஊதி வண்டியை நிறுத்தி, சாக்கை ஒரு கையிலும் எத்திராஜின் சட்டைக் காலரை இன்னொரு கையிலும் பிடித்து, "திகு சாமி, திகு" என்று இரண்டையும் ரோட்டில் இறக்கினான். காலேஜில் வேலை செய்கிறவன் என்று எத்திராஜ் சொல்லிப் பார்த்தான். "அதான் தெரியுதே" என்று தமிழில் சொல்லிவிட்டு ரங்கையா விசில் கொடுத்தான்.

ரோட்டோரக் காரைச்செடிக்குள் மண்டி போட்டுத் தேடியதில் முள்தான் கிடைத்தது. சாக்கை உதறினான். அடியில் ஒன்றே ஒன்று மிச்சம். திருப்பி வயிற்றைப் பார்த்தான். ஆண்களோடு தவறிச் சேர்ந்து வந்த பெட்டை. அதையும் விட்டுவிட்டான், அவனுக்கு வேண்டியது ஆண்தேரை.

வேறு யாருக்காவது கொண்டுபோன தேரைகள் என்றால் அவன் சிரித்துக்கொண்டே அடுத்த பஸ் ஏறியிருப்பான். அந்தக் கதையை ஒரு வருஷம் ஓட்டியிருப்பான். ஆனால் அவை அவன் மனைவி அம்சவேணிக்கானவை. அவள் வயிற்றில் வளர்ந்த பொல்லாதது முழுசாகப் போய்விட்டதா, ஒரு துளி உள்ளே தங்கியிருக்கிறதா என்று அன்று சாயந்திரம் அந்தத் தேரைகள்தாம் சொல்ல வேண்டும்.

எத்திராஜ் திருப்பதியில் ஒரு காலேஜில் உயிரியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துவது பெரியவர்கள் வேலை. வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்து வேர்விடச் செய்து, நுனியை நறுக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் நசுக்கி, "இதோ பார், ஒரு செல் இரண்டாகுது" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டுவது அவன் வேலை. மீதி நேரத்துக்குத் தேரை பிடிப்பான். காலேஜுக்குக் கொஞ்சம், டாக்டர் தாட்சாயணியின் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம். கர்ப்பம் என்று சந்தேகம் வந்த பெண்ணின் சிறுநீரை ஆண்தேரைக்கு ஊசியில் ஏற்றினால், கர்ப்பம் உண்மையென்றால், சில மணி நேரத்தில் தேரை விந்து விடும். அதன் மூத்திரத்தில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வால் முளைத்த கீற்றுகள் நீந்துவது தெரியும். கர்ப்பம் இல்லையென்றால் தேரை சும்மா உட்கார்ந்திருக்கும். "ஊர்ல எல்லாப் பொம்பளைங்க ரகசியமும் நம்ம மாப்பிள்ளைங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்" என்பான் எத்திராஜ். அவனுக்கும் அம்சவேணிக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. அந்தக் குறை வெளியே தெரியாமல் இருக்கத்தான் அவன் இவ்வளவு பேசினான் என்று அம்சவேணி மட்டும் நினைத்துக்கொண்டாள்.

போன மார்கழியில் அம்சவேணிக்குத் தேரை 'ஆமாம்' என்றது. எத்திராஜ் அந்தத் தேரைக்கு வெல்லம் வைத்தான். தேரை வெல்லம் தின்னாது என்று தெரிந்தும் வைத்தான்.

வயிறு மாசத்துக்கு மிஞ்சி வளர்ந்தது. பங்காருபாளையத்திலிருந்து வந்திருந்த அவன் மாமியார் கமலம்மா தடவிப் பார்த்து ரெட்டை என்றாள். எத்திராஜ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்: "ஒண்ணு ஆந்திராவுக்கு, ஒண்ணு மெட்ராசுக்கு. எல்லைத் தகராறு நம்ம வூட்டுல தீந்துபோச்சி." அம்சவேணி மட்டும் எதையும் தின்ன முடியாமல், தின்றதையெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு, முகம் ஊதிப்போய்ப் படுத்திருந்தாள். மாசியில் ரத்தம் போக ஆரம்பித்தது.

டாக்டர் தாட்சாயணி வயிற்றில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இன்னொரு இடத்தில் வைத்துக் கேட்டார். எத்திராஜ், "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசறாங்களா டாக்டரம்மா, புரியலியா?" என்றான். அவர் கையைக் கழுவப் போனார். அப்புறம் அறையிலிருந்து ஒரு எனாமல் தாம்பாளம் வெளியே வந்தது. நர்ஸ் துணி போட்டு மூடியிருந்தாள், ஆனால் சரியாக மூடவில்லை. கை கால் தலை என்று எதுவும் இல்லை. குலை குலையாக நீர்க்கொப்புளம், பன்னீர் திராட்சையை உரித்து வைத்த மாதிரி. "முத்துப் பிள்ளைன்னு சொல்லுவாங்க" என்றாள் கமலம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஏமி பரவாலேது" என்றார் டாக்டர். "எல்லாம் வந்துடுச்சி. உள்ள கொஞ்சம் தங்கியிருந்தா மட்டும்..." என்று நிறுத்தினார்.

"தங்கியிருந்தா வாடகை கேக்கலாமா?" என்றான் எத்திராஜ். அவனுக்கே தெரியாது ஏன் அப்படிக் கேட்டான் என்று. பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், அவனுக்குப் பேச்சு வரும். டாக்டர் முகத்தில் ஒரு களைத்த சிரிப்பு வந்தது. சொல்ல வந்ததை அந்தச் சிரிப்போடு விழுங்கிவிட்டார். "பாக்கலாம், எத்திராஜ்காரு. ரெண்டு மாசம் கழிச்சுத் தேரை டெஸ்ட் வைப்போம். உள்ள ஒரு துளி தங்கியிருந்தாலும் தேரை கர்ப்பம்னுதான் சொல்லும். அது பேசாம இருந்தா எல்லாம் சரி."

ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான். அவன் கேள்வியில் ஒரு வேடிக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்கிறவர்கள் வேடிக்கைக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

வீட்டுக்கு வந்து பாயில் படுத்திருந்தபடி அம்சவேணி கேட்டாள். "ஏங்க, அது இன்னாது?"

"திராட்சைத் தோட்டம் போட்டுட்ட. சொல்லிட்டுப் போட்டிருந்தா வேலி கட்டியிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. எத்திராஜ் கொஞ்ச நேரம் விசிறினான். அப்புறம் மாணவர்களுக்குச் சொல்லுகிற மாதிரி ஆரம்பித்தான்.

"வெங்காயத்தத் தண்ணியில வச்சா வேர் வருதுல்ல. அந்த நுனியில ஒரு செல்லு ரெண்டாவுது, ரெண்டு நாலாவுது. ஆவறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிற சரக்கையெல்லாம் நூல் நூலா எடுத்து அடுக்கி வச்சி, சரிபாதியாப் பிரிச்சி, ரெண்டு பக்கமும் இழுத்துக்கினு போவும். எங்க நைனாவும் சித்தப்பனும் நெலத்தப் பிரிச்சாங்களே, அந்த மாதிரி இல்ல. ஒரு நூல் கூடக் கொறையாது."

"பிள்ளையும் அப்படித்தான் ஆவுதா?"

"அப்படித்தான். பெருகப் பெருகப் பாதி செல்லு உள்ள போய்ப் பிள்ளையாவணும். பாதி வெளிய நின்னு நஞ்சுக்கொடி ஆவணும். வெளிய நிக்கிறதுங்க வேலை, உள்ள இருக்கிறதுக்குச் சோறு போடறது. நம்முதுல ஆரம்பத்துலயே எங்கியோ பங்கு தப்பிப்போச்சி. ஏன்னு யாருக்கும் தெரியாது. உள்ள பிள்ளை ஆவல. வெளிய நிக்கிறதுங்களுக்கு அது தெரியல. ஆளில்லாத வூட்டுக்கு ஒல வச்சிக்கினே கீதுங்க."

அம்சவேணி கூரையைப் பார்த்தாள். "எப்ப நிறுத்தும்?"

கையில் வெட்டுப்பட்டால் தோல் பெருகி, விளிம்பும் விளிம்பும் தொட்டதும் நின்றுவிடும். எலும்பு கூடியதும் நின்றுவிடும். போதும் என்று எது சொல்கிறது என்று அவன் படித்த புத்தகங்களில் இல்லை. போதும் என்பதைக் கேட்காத செல்லுக்கு என்ன பெயர் என்பது மட்டும் இருந்தது.

"அரிசி தீந்தா நிறுத்தும்" என்றான்.

"அரிசி நான்தான" என்றாள் அம்சவேணி.

அவன் விசிறியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனான். குடம் நிறைய இருந்தது, இருந்தாலும் போனான்.

கோடையில் தேரை கிடைக்காது. மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். டெஸ்ட் வைக்கிற வாரம் வந்தபோது பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு கோடை மழை பெய்ததாகக் கேள்விப்பட்டு, ஆரணி ஆற்று ஓரத்தில் முழங்கால் சேற்றில் நின்று, கத்துகிற ஆண்களாகப் பொறுக்கி எடுத்தான். அவைதாம் நாராயணவனத்துக் காரைச்செடிகளுக்குள் போய்விட்டன.

அடுத்த பஸ்ஸில் திருப்பதி வந்து சேர்ந்தவன் நேராகக் காலேஜுக்குப் போனான். லேபில் தொட்டியில் இரண்டு ஆண்தேரைகள் இருந்தன. அந்த வாரத் தொடக்கத்தில்தான் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் வேறு இரண்டு பெண்களுக்கு 'ஆமாம்' சொல்லிவிட்டு வந்தவை. ஒருமுறை பதில் சொன்ன தேரைக்குச் சில வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதனிடம் விடுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்போது அது சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தமே இல்லை. இது எத்திராஜுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அம்சவேணி காலையிலிருந்து பெஞ்சில் காத்திருக்கிறாள் என்பதும் தெரியும். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னால் ஊரே சிரிக்கும், அவளைத் தவிர. அவளிடம் போய், "நாளைக்கு வா, மறுபடி பிடிக்கிறேன், மழை எப்ப பெய்யுமோ" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இரண்டையும் ஈரத்துணியில் சுற்றினான்.

"புதுத் தேரைதானே?" டாக்டர் தாட்சாயணி ஊசியில் மருந்தளவு பார்ப்பது போலச் சிறுநீரை ஏற்றிக்கொண்டே கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்வி.

"எங்க புதுசு. இந்த வாரமே ரெண்டு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்ததுங்க, டாக்டரம்மா. இடுப்பு ஒடிஞ்சி கெடக்குதுங்க. பாத்துக் குத்துங்க."

டாக்டர் சிரித்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்திராஜும் சிரித்தான். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிம்மதி. யாரும் நம்பவில்லை என்று அதைவிடப் பெரிய நிம்மதி. சிரிப்பு ஓய்ந்த பிறகு கொஞ்ச நேரம் அறை அமைதியாக இருந்தது. அதே வாக்கியத்தை மறுபடி, பல்லைக் காட்டாமல் சொல்ல அந்த நேரம் போதும். தேரையின் முதுகுத் தோலில் ஊசி இறங்கியது.

சாயந்திரம் இரண்டு தேரைகளும் சும்மா உட்கார்ந்திருந்தன. டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து அம்சவேணியைப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு. நிம்மதியாப் போங்க" என்றார். கமலம்மா அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். எத்திராஜ், தேரைகள் உண்மையிலேயே ஓய்வெடுத்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சில தேரைக்குச் சீக்கிரம் தெம்பு வரும். மனிதர்களிலும் அப்படி உண்டே.

வைகாசி பிறந்ததும் கங்கம்மா ஜாத்திரை. திருப்பதியில் அந்த ஒரு வாரம் ஆம்பிளைகள் வேஷம் கட்டுவார்கள். முகமெல்லாம் கரி பூசி ஒரு நாள், சந்தனம் பூசி ஒரு நாள், புடவை கட்டி மாதங்கியாக ஒரு நாள். யாரை வேண்டுமானாலும் திட்டலாம், அம்மன் கோபிக்க மாட்டாள். மகள் பிழைத்தால் மாப்பிள்ளை வேஷம் கட்டுவான் என்று கமலம்மா அவனைக் கேட்காமலே வேண்டிக்கொண்டிருந்தாள். எத்திராஜ் அம்சவேணியின் கல்யாணப் புடவையைக் கட்டி, தலையில் மல்லிகை, கண்ணில் மை, ரவிக்கைக்குள் இரண்டு தேங்காய்மூடி என்று புறப்பட்டான். காலேஜ் பிரின்ஸிபால் வீட்டு முன்னால் நின்று ஆசை தீரத் திட்டிவிட்டு, திரும்பி வந்து மனைவி முன்னால் இடுப்பை வளைத்து நின்றான்.

"இன்னாமே, பொண்ணு புடிச்சிருக்கா? சீர் இன்னா செய்வீங்க?"

அம்சவேணி சிரித்தாள். மாசிக்கப்புறம் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாயை மூடாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. முந்தானையை வாயில் வைத்தாள், எடுத்தபோது அதில் சிவப்பாக ஒரு பொட்டு.

"வெத்தல" என்றாள்.

அன்றைக்கு அவள் வெற்றிலை போடவில்லை. வீட்டில் வெற்றிலையும் இல்லை.

"சுண்ணாம்பக் கொறச்சிக்க" என்றான் எத்திராஜ். மை கலைந்து கன்னத்தில் வழிவது அவனுக்குத் தெரியவில்லை. தெருவில் போனவர்கள் அதையும் வேஷத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனியில் முதல் மழை பெய்தது. கோனேருக் குளம் முழுக்கத் தேரைச் சத்தம். எத்திராஜ் மூன்று ஆண்களைப் பிடித்து, வீட்டில் தனித்தனிப் பானையில் விட்டு, தினமும் அவற்றின் மூத்திரத்தைப் பார்த்து, எதுவும் நீந்தவில்லை என்று உறுதி செய்துகொண்டான். இவ்வளவு ஒழுங்காக அவன் எந்த வேலையையும் செய்ததில்லை. காலேஜ் லீவு. அட்டெண்டர் பாலையா லேபைத் திறந்துவிட்டான். வீட்டிலிருந்து சீசாவில் கொண்டுவந்த சிறுநீர் யாருடையது என்று எத்திராஜ் சொல்லவில்லை. ஒரு தேரைக்கு அப்படியே ஏற்றினான். ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஏற்றினான். ஒன்றுக்கு நூறு பங்கு.

நூறு பங்கு கலந்ததை முதலில் பார்த்தான், அதில் எதுவும் இருக்க நியாயமில்லை என்பதால். நீந்தின. பத்துப் பங்கில் இன்னும் அதிகம். கலக்காததைப் பார்க்க வேண்டியதே இல்லை, ஆனாலும் பார்த்தான். திருவிழாக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. எந்தக் கர்ப்பத்திலும் இவ்வளவு வராது. அம்சவேணியின் உடம்பில் எங்கோ, ஆளில்லாத வீடு ஒன்றல்ல, பல வீடுகளில் உலை கொதிக்கிறது.

பாலையா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு மைக்ராஸ்கோப்பில் இந்த ஒரு விஷயம் பார்க்கத் தெரியும். "சார்... அம்மாவுதா? மறுபடி விசேஷமா?"

"ஆமா" என்றான் எத்திராஜ்.

பாலையா கையைப் பிடித்துக் குலுக்கினான். இந்தத் தடவையாவது வெங்கடேஸ்வரன் கண் திறந்தான் என்றான். எத்திராஜ் மூன்று தேரைகளையும் கொண்டுபோய் மழையில் விட்டான்.

வீட்டில் அம்சவேணி, "தேரை இன்னா சொல்லிச்சி?" என்றாள். அவளிடம் தேரை டெஸ்ட் என்று அவன் சொல்லவே இல்லை, சர்க்கரை பார்க்க என்று சொல்லித்தான் சிறுநீர் வாங்கியிருந்தான். மூன்று பானையும் காலியாக இருந்ததை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"மழைக்குத் தூங்கிப்போச்சி."

"மூணும் தூங்கிச்சா" என்றாள்.

டாக்டர் தாட்சாயணி அவன் சொன்னதை மேஜையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். வெளியே ஒரு பெண் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

"சித்திரையில சுத்தமா இருந்ததே, எத்திராஜ்காரு. நானே பாத்தேன். ரெண்டு தேரையும்..."

"கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த தேரைங்க."

டாக்டரின் முகம் மெதுவாக மாறியது. "ஆமா. சொன்னீங்க" என்றார். "நான் சிரிச்சேன்." நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "நான் மறுபடி கேட்டிருக்கணும். உங்கள ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேக்கணும்னு எனக்குத் தெரியும்."

"அன்னிக்குப் புதுத் தேரை இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும், டாக்டரம்மா?"

"அத இப்ப ஏன் பேசணும். மொதல்ல சித்தூர் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

சித்தூர் பஸ்ஸில் அம்சவேணி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. காணிப்பாக்கம் போகிற கிளைரோடு வந்தபோது கமலம்மா, "ஒரு எட்டு பிள்ளையாரப் பாத்துட்டுப் போலாம்டி. சுயம்பு. இன்னிக்கும் வளந்துக்கினே கீறாராம்" என்றாள்.

"வேணாம்மா" என்றாள் அம்சவேணி. "வளந்துக்கினே போறவரு யாரையும் இப்ப பாக்க வேணாம்."

எத்திராஜ் தன்னை மறந்து சிரித்துவிட்டான். அவளும் அவன் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள், இருமல் வராத அளவுக்கு. இத்தனை வருஷத்தில் அவள் வேடிக்கை பேசி அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவனுக்குப் பட்டது.

எக்ஸ்ரே எடுக்கிற சிவசங்கரன் படத்தை ஈரத்தோடு கிளிப்பில் மாட்டி வெளிச்சத்தில் பிடித்தார். விலா எலும்புகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள், சின்னதும் பெரிசுமாக, விளிம்பு சுத்தமாக.

"இது என்னங்க, கோலி குண்டு முழுங்கின மாதிரி?" என்றான் எத்திராஜ்.

"டாக்டர்காரு செப்தாரு, அவங்கள கேளுங்க" என்றார் சிவசங்கரன். படத்தை உறையில் போட்டுக் கொடுக்கும்போது அவன் கையை ஒரு நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். காசு வாங்கவில்லை. அதுவும் ஒரு பதில்தான், ஆனால் நேர்ப் பதில் இல்லை.

மறுநாள் டாக்டரின் அறைக்குள் எத்திராஜ் முதலில் நுழைந்தான். அம்சவேணி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"நீங்க வெளிய இருங்க."

"ஏன்மே?"

"நான் ஒண்ணு கேக்கணும். நீங்க பக்கத்துல இருந்தா அவங்க சிரிப்பாங்க."

கதவு சாத்திக்கொண்டது. எத்திராஜ் பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரே ஒரு கர்ப்பிணி முறத்தில் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்திலும் வேலை. அவளுடைய மாமியார், "எத்தினி மாசம்னு தேரை சொல்லுமாமே, நெசமா?" என்று அவனைக் கேட்டாள். எத்திராஜுக்கு மூன்று பதில்கள் நாக்கு நுனிக்கு வந்தன, மூன்றும் நல்ல பதில்கள். "மாசம் சொல்லாதும்மா. உண்டா இல்லியான்னு மட்டுந்தான் சொல்லும்" என்றான். அந்தம்மாவுக்கு ஏமாற்றமாக இருந்தது.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அம்சவேணியின் குரல் சின்னச் சின்னதாக, கேள்வி கேட்கிற ஏற்றத்தோடு. டாக்டரின் குரல் அதற்குப் பின்னால் மெல்லத் தாழ்ந்து. அப்புறம் மூக்கு சிந்துகிற சத்தம். அது அம்சவேணி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவள் அழுதால் சத்தம் வராது.

கதவு திறந்தது. அம்சவேணி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். மூச்சு நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தாள்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"நீங்க இன்னா தெரிஞ்சிக்கணுமோ அத கேளுங்க. சொல்றேன்."

அவன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் சிவப்புச் சாயம், எத்தனை கழுவினாலும் போகாதது.

"அன்னிக்கி நான் கொண்டாந்தது புதுத் தேரையா இருந்திருந்தா?"

"அதையும் கேட்டேன்" என்றாள். "அப்பவே வயித்தத் தொறந்து கர்ப்பப்பைய எடுத்திருந்தா, பாதிக்குப் பாதி பொழச்சிருப்பனாம். பொழக்காமலும் போயிருக்கலாமாம். அதுக்கு மேல யாருக்கும் தெரியாதுன்னாங்க."

புளியங்கொட்டை ஒன்று முறத்திலிருந்து தெறித்து அவன் காலடியில் வந்து நின்றது. அந்தக் கர்ப்பிணி குனிய முடியாமல் பார்த்தாள். அவன் எடுத்துக் கொடுத்தான்.

"இப்போ?" என்றான். குரலில் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. "இப்போ பொழப்பியா, வேணி?"

அம்சவேணி அவன் முகத்தைப் பார்த்தாள், இவன் உண்மையாகத்தான் கேட்கிறானா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள். "மெட்ராசுக்குக் கொண்டு போனாலும் மாட்டேன். ஐப்பசி மழை வரைக்கும் இருந்தா அதிகம்."